பார்த்தே ஆக வேண்டிய கிரகங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து கிரகம் கிரகமாக இறங்கி ஏறியதுதான் மிச்சம். ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்று முழுக்க மண்மேடு. இன்னொன்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, ஆனால் விடாமல் அமில மழை. மூன்றாவதில் கால் வைத்ததும் பாறைக்குள் இடுப்புவரை புதைந்துபோனேன். நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் பார்க்கும்போது பார்க்கட்டும்.

யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று நழுவிவிடுவது என் வழக்கம். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். விண்வெளியில் சுற்றும் ஒரு வீடியோ கேம். அதில் விளையாடுகிறவர்களுக்கு வாராவாரம் ‘சுற்றிப்பார்க்க இங்கே போங்கள்’ என்று நல்ல காட்சியுள்ள இடமாகச் சொல்வது என் வேலை. அந்த விண்வெளியை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. ஒரு கணக்கைப் போட்டுவிட்டார்கள், அது பாட்டுக்குக் கிரகங்களை உருட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எது அழகு, எது குப்பை என்று செய்தவர்களுக்கே தெரியாது. யாராவது போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நான் வைத்த பெயர் மூணு செகண்டு. கப்பல் தரையைத் தொட்டுக் கதவு திறந்த மூன்று செகண்டுக்குள் ஆடுகிறவன் வாயிலிருந்து ‘ஆ’ வர வேண்டும், வராத இடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எனக்கு எதைப் பார்த்தாலும் ஆ வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. நாள் முழுக்க இனிப்புக் கடையில் நிற்கிறவளுக்கு இனிப்பு தித்திக்குமா? அதனால் சந்தேகமான இடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டதும் தம்பியை டிவி முன்னால் உட்காரவைத்து இறக்கிக் காட்டுகிறேன். அவன் ஆ என்றால் சேர்ப்பேன். ம்ஹூம் என்றால் தூக்கிப் போட்டுவிடுவேன். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. என் ரசனையைப் பாராட்டுகிறார்கள், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பிக்குக் கண் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. எழுதாமலேயே இத்தனை நாள் ஓட்டினேன். எழுதிவிட்டேன், போதும்.


பிப்ரவரி 5

எரிமலைக் கிரகம் ஒன்றுக்குத் தம்பி ‘அம்மாவோட அடுப்படி’ என்று பெயர் வைத்தான். மூணு செகண்டு அதை ‘செந்தழல் முகடு’ என்று மாற்றி வெளியிட்டார். ரசனை கெட்ட மனிதர்.


பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று கண் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். தம்பி ஏசி மெக்கானிக். கீழே விழுந்த திருகாணியைத் தேடித் தேடி ஒரு நாள் சட்டென்று பையை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறதாம். ஓரம் போய்விட்டது. இதுவரை நடுப்பகுதியாவது தெளிவாக இருந்தது. நேற்று படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “நடுவுலயும் நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“மருந்து?” என்று கேட்டேன்.

“சொட்டு மருந்து தர்றேன். கொஞ்சம் தள்ளிப்போடலாம். நிறுத்த முடியாதும்மா.”

பிறகு அவனைப் பார்த்துப் பேசினார். பார்வை போன பிறகு வாழப் பழக்குகிற பயிற்சி மையம் ஒன்று வெளியூரில் இருக்கிறதாம். அங்கேயே தங்கிக் கோல் பிடித்து நடக்க, சமைக்க, படிக்க எல்லாம் கற்றுக்கொள்ளலாம். “கொஞ்சமாவது தெரியும்போதே போயிடுங்க. முழுசா இருட்டின அப்புறம் போனா பயம் பிடிச்சுக்கும். பயம் பிடிச்சவங்களுக்கு எதுவும் ஏறாது” என்றார். தம்பி தலையாட்டினான். அவன் ஆட்டுகிற தினுசிலேயே தெரியும், பிடிக்கவில்லை என்று.

டாக்டரம்மா நல்லவர். நல்லவராக இருந்து என்ன பயன்? எனக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கூடை கேரட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா சொன்னாளாம்.


பிப்ரவரி 13

இந்த வாரம் கொண்டுபோன எல்லாவற்றுக்கும் ஆ. நீல உப்புப் பாலைவனம், மிதக்கும் பாறைகள், தலைகீழாகக் கொட்டும் அருவி — எதையும் விடவில்லை. முன்பெல்லாம் அவனிடம் ஆ வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். “போக்கா, போன வாரம் காட்டினதே திரும்ப” என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். இப்போது கை ராசி வந்துவிட்டது போல.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அவன் கண் இருக்கும்வரை தினம் ஒரு இடம். அவன் மலை ஏறியதில்லை, கடலைச் சரியாகப் பார்த்ததில்லை, ஊர் ஊராக ஏசி மாட்டப் போய் மொட்டை மாடிகளைத்தான் பார்த்தான். நிஜ உலகத்தைச் சுற்றிக் காட்ட நேரமும் இல்லை, வசதியும் இல்லை. என்னிடம் இருப்பது இந்தப் பொய் விண்வெளிதான். இதையாவது ரொப்பிக் கொடுத்துவிடலாம்.

வேறென்ன செய்ய முடியும் என்னால்? சொல்லட்டும் யாராவது.


பிப்ரவரி 19, புதன்

பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். மார்ச் பத்தாம் தேதி தொடங்கும் வகுப்பில் ஒரு இடம் இருக்கிறதாம். அடுத்த வகுப்பு ஜூலையில்தான். “வர்றீங்களா?” என்று கேட்டாள் அந்த அலுவலகப் பெண். தம்பியைப் பார்த்தேன். “சரின்னு சொல்லு” என்றான்.

சொன்னேன். இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அவன் தட்டில் கேரட்டாக அடுக்கிக்கொண்டே இருந்தாள்.


பிப்ரவரி 24, திங்கள்

அலுவலகத்தில் இன்று ஒரே பரபரப்பு. மார்ச் பதினைந்தில் எங்கள் விண்வெளியில் ஒரு கிரகணம் வருகிறது. பெரிய வளையம் உள்ள ஒரு கிரகத்தில், அதன் நிலா சூரியனை மறைத்து, வளையம் முழுக்க ஓரத்தில் தீப்பிடித்தது போல எரியும். கணக்குப் போட்டதில் இனி பல வருஷத்துக்கு இப்படி அமையாது என்கிறார்கள். எந்தப் பாறை மேல் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. பதினைந்து எங்கே, பத்து எங்கே. ஐந்தே நாள்தான் வித்தியாசம்.

சாப்பிட்டதும் மெல்ல ஆரம்பித்தேன். “ஏண்டா, ஒரு வாரம் கழிச்சுச் சேர்றேன்னு கேட்டா ஒத்துக்க மாட்டாங்களா?”

“எதுக்கு?”

“அதைப் பாக்காம நீ போகக் கூடாதுடா. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு.”

சிரித்தான். “சரிக்கா. கேட்டுப் பாரு.”


பிப்ரவரி 25

கேட்டேன். “ஒரு வாரம்னா சிரமம்தான், மேலே கேட்டுச் சொல்றேன்” என்றாள் அந்தப் பெண். அப்புறம் அவளே கூப்பிட்டாள். “பத்தாம் தேதி காத்திருப்புல இருக்கறவங்கள்ல யாரும் வரலைன்னா, பதினேழுக்கு எடுத்துக்கறோம்.” யாரும் வர மாட்டார்கள். கட்டாயம் வர மாட்டார்கள். எனக்குத் தோன்றுகிறது.


பிப்ரவரி 28, வெள்ளி

மூணு செகண்டு அறைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டால் வழக்கமாகப் பாராட்டு. இன்று கணினியை என் பக்கம் திருப்பினார்.

“உங்க இடங்கள்ல ஆளே நிக்கறதில்ல. இறங்கின கையோட கிளம்பிடறாங்க. இந்த மாசம் பூரா இப்படித்தான் இருக்கு. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எல்லாம் பாத்துத்தான் சார் போட்டேன்.”

“யாரு பாத்தது?”

அவருக்கு அழகு என்றால் என்னவென்று தெரியுமா? ‘அடுப்படி’யை ‘முகடு’ ஆக்கியவர்தானே. ஆடுகிறவர்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த உப்புப் பாலைவனத்தை மட்டும் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், சப்பென்றுதான் இருந்தது. தம்பி அதற்கு எவ்வளவு பெரிய ஆ போட்டான்!

அவனுக்கு இப்போது எல்லாமே அழகாகத் தெரிகிறதோ என்னவோ. போகப் போகிற பார்வை அல்லவா.


மார்ச் 6

தம்ளரை நீட்டினேன். அவன் கை அதற்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. “வெளிச்சம் கண்ணுல அடிக்குதுக்கா” என்றான். விளக்கைத் தணித்தேன்.


மார்ச் 10, திங்கள்

இன்று அவன் போயிருக்க வேண்டிய நாள். ஏதோ பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிற மாதிரி இரண்டு பேரும் திரிந்தோம்.


மார்ச் 12

மையத்திலிருந்து தகவல். காத்திருந்த ஒருவர் பத்தாம் தேதியே வந்து சேர்ந்துவிட்டாராம். இனி ஜூலைதான்.

தம்பியிடம் சொன்னேன். “பரவாயில்லக்கா. கிரகணம் இருக்கில்ல” என்றான். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கிரகணம் நன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.


மார்ச் 15, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மாலையே எல்லாம் தயார். சோபாவைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நான் தேர்ந்தெடுத்த பாறைக்குக் கப்பலைத் திருப்பி, தானாக இறங்கும்படி விட்டுவிட்டு, அம்மாவைக் கூப்பிட அடுப்படிக்குப் போனேன். அம்மா இந்த கேமைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று மட்டும் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது ஒரு இசை வரும். மெல்ல ஏறி ஏறிப் போய், கதவு திறக்கும் நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். நாங்கள் அறை வாசலுக்கு வரும்போது அது ஏறிக்கொண்டிருந்தது. நின்றது. தம்பி முன்னால் சாய்ந்தான்.

“ஆ...! அக்கா, அந்த வளையத்தைப் பாரேன்! எரியுது!”

திரையில் வளையம் இல்லை. கிரகம் இல்லை. ஊரே ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்ததில் இணைப்பு அறுந்து, வெள்ளையாக ஒரு அட்டை நின்றது. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது. மீண்டும் முயலவும்.’ இசை மட்டும் அது பாட்டுக்கு ஓடி முடிந்திருந்தது.

“என்னடி இது, ஏதோ எழுத்துல்ல...” என்று ஆரம்பித்த அம்மாவின் கையை நறுக்கென்று அழுத்தினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“ஆமாண்டா கண்ணா” என்றாள். “ரொம்ப அழகா இருக்கு.”


மார்ச் 16

எல்லாம் பாட்டுக் கணக்கு. இசை நின்றதும் ஆ. அவ்வளவுதான்.

எப்போதிலிருந்து? உப்புப் பாலைவனம்? அருவி? நான் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறான். ‘இடது பக்கம் பாரு, பச்சையா’ என்பேன். ‘ஐயோ, என்ன பச்சைக்கா’ என்பான். நானும் பல்லை இளித்துக்கொண்டு — என்ன ஜென்மம் நான்? மூணு செகண்டுக்குத் தெரிந்தது. முகம் தெரியாத ஆட்டக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அவன் பார்ப்பதற்காகத்தானே மையத்தில் கிடைத்த இடத்தை விட்டோம். எதைப் பார்ப்பதற்காக?

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?


மார்ச் 18, செவ்வாய்

அவனே ஆரம்பித்தான். துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லதானே?”

“யார் சொன்னா?”

“அம்மாதான். அம்மா என்னிக்குக்கா இந்த கேமைப் பாத்து அழகுன்னு சொல்லியிருக்காங்க? எப்பவும் ‘கண்ணு கெட்டுப் போகும், அணைங்கடா’ன்னுதான சொல்லுவாங்க?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏண்டா சொல்லல என்று கத்தினேன். சொல்லியிருந்தா பத்தாம் தேதியே உன்ன கொண்டு போய் விட்டிருப்பேன்ல, ஏண்டா ஆமா ஆமான்னு தலையாட்டின, நான் என்ன குழந்தையா என்று என்னென்னவோ.

அவன் மடித்து வைத்த துணியைத் தடவித் தடவி ஓரம் சேர்த்தான்.

“முதல்ல கொஞ்சம் தெரிஞ்சுதுக்கா. அப்புறம் புகை மாதிரி. அப்புறம் வெறும் வெளிச்சம். சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் வந்து உக்காருவேன். ஆனா நீ கதவு திறக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. நான் ஆ சொன்னாத்தான் விடுவ. எப்படிச் சொல்றது?”

“சேர்க்கையைத் தள்ளிப்போடச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சத்தியம் பண்ணச் சொன்ன. உன்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். அதையும் வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?”

நான் அவனுக்காகச் செய்துகொண்டிருப்பதாக நினைத்தேன். அவன் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.


மார்ச் 19

மையத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். கெஞ்சினேன். தரையில் படுத்துக்கொள்வான், ஒரு மூலை போதும் என்றேன். “அம்மா, எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒருத்தருக்கு ஒரு ஆசிரியர் கூடவே நடக்கணும். மூலை இருந்து என்ன செய்யறது?” என்றாள். குரலில் எரிச்சல்கூட இல்லை. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.


மார்ச் 27, வியாழன்

மூணு செகண்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பிப்ரவரி மாதப் பட்டியலில் இருப்பதெல்லாம் கண் தெரியாத ஒருவன் ஆ சொன்ன இடங்கள் என்று. வேலையை விட்டுத் தூக்குவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

“தம்பிக்கு இப்ப சுத்தமா...?”

“வெளிச்சம் மட்டும் தெரியும் சார்.”

“இனிமே பக்கத்து மேசைக்காரங்ககிட்ட காட்டிட்டுப் போடுங்க” என்றார். எழுந்து வந்தபோது, “அந்த எரிமலைக்கு முதல்ல ஒரு பேர் வெச்சிருந்தீங்களே, என்ன அது?” என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். மனுஷனை இனி முன்னைப் போலத் திட்ட முடியாது.


ஏப்ரல் 8

இப்போதெல்லாம் டிவி முன்னால் யாரும் உட்காருவதில்லை. சாப்பிட்டதும் அவன் அறைக்குப் போய்விடுகிறான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறதாம். அம்மா கேரட் வாங்குவதை நிறுத்திவிட்டாள். கடையிலிருந்து வந்த பையில் இல்லை, அவ்வளவுதான்.


ஏப்ரல் 13, ஞாயிறு

ஜூலை வரை சும்மா இருப்பானேன் என்று நானே பழக்கலாம் என இறங்கினேன். ஒட்டடைக் கம்பை அளவாக வெட்டி, போனில் நாலு பாடம் பார்த்து, தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“இடது பக்கம் கொஞ்சம். இல்ல இல்ல, நேரா. மெதுவா, மெதுவா. இப்ப படி. படிடா!”

“நீ என்ன கப்பலையா இறக்கற?” என்று நடுத்தெருவில் நின்றுவிட்டான். “நீ ஒவ்வொண்ணா கத்தறதுல என் காதுல வேற எதுவும் விழ மாட்டேங்குது.”

“நீ விழக்கூடாதுன்னுதாண்டா கத்தறேன்.”

“விழறேன். விடு.”

விடவில்லை நான். முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் உதறினான். உதறிய வேகத்தில் நடைபாதை ஓரத்தில் தடுக்கி முழங்கால் கிழிந்தது. கம்பை அங்கேயே போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். நான் பின்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பயம் பிடித்தவர்களுக்கு ஏறாது என்றார் டாக்டரம்மா. பயம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.


மே 2

வாரா வாரம் மையத்துக்குக் கூப்பிடுகிறேன். யாராவது பாதியில் நின்றார்களா என்று. இன்று போனை எடுத்ததுமே அந்தப் பெண், “யாரும் நிக்கலம்மா” என்றாள். ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

அடுத்தவன் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கும் கண் தெரியாது. அவனுக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ இருப்பாள். இந்த நிலைக்கு வந்துவிட்டேன்.


மே 21

தம்பி அறையை விட்டு வரவில்லை. நேற்றும் வரவில்லை. தாடி வளர்ந்துவிட்டது. ரேசரை எடுத்துக்கொண்டு போனேன், மழித்துவிடட்டுமா என்று. “அப்புறம்” என்றான்.

எத்தனையோ சூரியனைத் தெரியும் எனக்கு. எதை எப்படித் திருப்பினால் நிழல் நீளும், எந்த நேரத்தில் இறங்கினால் மூடுபனி விலகும், எல்லாம் தெரியும். பத்தடி தள்ளி இருக்கிற ஒரு அறைக்குள் எப்படிப் போய் உட்காருவது என்று தெரியவில்லை.


ஜூன் 15

அம்மாதான் போய் உட்கார்ந்தாள். பட்டாணி உரிக்க எடுத்துக்கொண்டு போய், பாதியை அவன் மடியில் கொட்டினாளாம். அவனும் உரித்தானாம். மாலையில் எழுந்து வந்து, “அக்கா, ரேசர் எங்க?” என்று கேட்டான். தானே மழித்துக்கொண்டான். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். நான் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதுவே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.


ஜூலை 7, திங்கள்

கொண்டுபோய் விட்டோம்.

பழைய கட்டடம், நீளமான தாழ்வாரம், சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு. போனில் அத்தனை நாள் என்னைச் சகித்துக்கொண்ட பெண்ணை நேரில் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே, “நீங்கதானா!” என்று சிரித்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. எனக்கு அது ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை?

ஆசிரியர் ஒருவர் வந்தார். அவன் உயரத்துக்குச் சரியான வெள்ளைக் கோலைக் கையில் கொடுத்தார். “கூட வந்தவங்க இந்த வாசலோட நின்னுக்குங்க” என்றார். அம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

அவன் முதல் அடியிலேயே தூணில் இடித்துக்கொண்டான். நான் பாயப்போனேன். அம்மா என் கையைப் பிடித்து நறுக்கென்று அழுத்தினாள். அவன் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு, தாழ்வாரத்தின் கடைசிவரை போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்வான் என்று பேருந்தில் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.


ஜூலை 20

தம்பி முட்டை பொரித்தானாம். ஓடும் சேர்ந்துவிட்டதாம். தின்றானாம்.


ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று மதியம் அலுவலகத்தில் ஒரு இடம் கிடைத்தது. யாரும் போயிராத மூலை. வெள்ளையாக உறைந்த ஒரு கடல், அதன் மேல் இரண்டு சூரியன்கள், ஒன்று மேலே வர வர மற்றொன்று இறங்குகிறது. பனிக்கட்டிக்குள் விரிசல் விரிசலாக இரண்டு நிறமும் ஓடுகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கே வந்தது, ஆ. வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

யோசிக்கவே இல்லை, தம்பிக்குப் போன் போட்டேன்.

“டேய், இங்க ஒரு இடம்டா, நீ...”

“அக்கா, இப்ப முடியாது. வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க. இன்னிக்கு மெயின் ரோடு தாண்டற வகுப்பு.”

“யார் கூட?”

“தனியா. சார் இந்தப் பக்கமே நின்னுப்பார்.”

“மெயின் ரோடா? லாரி எல்லாம் போகுமேடா. சிக்னல் இருக்கா? சத்தம் போடற சிக்னலா, சும்மா சிக்னலா? நீ சார்கிட்ட சொல்லி...”

“அக்கா. உன் கிரகம் எங்கயும் போயிடாது. வைக்கிறேன்.”

வைத்துவிட்டான். இதுவரை அவன் என் போனைத் துண்டித்ததே இல்லை. கோபம் வந்தது. கோபம் போய்ப் பயம் வந்தது. அங்கே ஓடவும் முடியாது. யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? அந்த அலுவலகப் பெண்ணுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்து, செய்யாமல் வைத்தேன். எதிரே ஒரு சூரியன் இறங்கி முடிந்து மற்றொன்று உச்சிக்கு வந்துவிட்டது. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு செகண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, ஏதோ நல்லதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

எவ்வளவு நேரமோ. போன் அதிர்ந்தது. குரல் செய்தி. முதலில் ஹாரன் சத்தம், ஒரு பேருந்து உறுமிக்கொண்டு போவது, அதற்குப் பின்னால் அவன் மூச்சு வாங்குவது. பிறகு அவன் குரல்.

“அக்கா, தாண்டிட்டேன். இப்ப திரும்பி வர்றதுக்கு நிக்கறேன்.”

திரும்பியும் வர வேண்டும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. போனை மேசையில் வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.